குழந்தை ஏன் உறங்க மறுக்கிறது?

இரவு மணி பத்து. வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டாவி விடுகின்றனர். ஒன்றரை வயதுக் குழந்தை மட்டும் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்காலியில் ஏறுகிறது, இறங்குகிறது, காரணமின்றிச் சிரிக்கிறது, அடுத்த நொடியே அழுகிறது. “பிள்ளைக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. கொஞ்சம் விளையாடட்டும், விடுங்கள்” என்கிறார் தாத்தா.

தாத்தாவின் அன்பில் குறையில்லை. ஆனால், அவருடைய கணிப்பு தவறானது. அந்தக் குழந்தைக்குத் தூக்கம் எட்டரை மணிக்கே வந்துவிட்டது. அப்போது அது கண்ணைக் கசக்கியது. காதைப் பிடித்து இழுத்தது. கையிலிருந்த பொம்மையை வெறித்துப் பார்த்தது. அந்த நேரத்தில் யாரும் அதைப் படுக்கைக்கு அழைத்துச் செல்லவில்லை. பெரியவர்கள் களைத்தால் சோர்ந்து அமர்வர். தளர்நடைப் பருவக் குழந்தை அப்படி அமர்வதில்லை. களைப்பு மிகுந்தால் அதன் உடல் விழித்திருக்கப் போராடத் தொடங்கும். ஓட்டமும் அடமும் சிணுங்கலும் அந்தப் போராட்டத்தின் வெளிப்பாடுகளே. பலர் இவற்றைக் குறும்பு என நினைத்துக் குழந்தையை அதட்டுகின்றனர்.

ஒரு குழந்தைக்கு எவ்வளவு தூக்கம் தேவை? உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகள் ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் உறங்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தேவை. பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் அடங்கும். இரவு பதினொரு மணிக்கு உறங்கி, பெற்றோர் வேலைக்குச் செல்வதால் காலை ஆறு மணிக்கு எழுப்பப்படும் குழந்தைக்கு இரவில் ஏழு மணி நேரமே கிடைக்கிறது. எஞ்சிய நான்கு மணி நேரத்தைப் பகலில் ஈடுகட்டுவது எளிதன்று.

உறக்கம் எவ்வாறு வருகிறது என்பதைச் சுவிட்சர்லாந்து அறிவியலாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982ஆம் ஆண்டில் ஒரு கோட்பாடாக விளக்கினார். இரண்டு ஆற்றல்கள் ஒன்றுசேரும்போது நாம் உறங்குகிறோம் என்பது அதன் சாரம். முதலாவது, தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கம் கண்ணை அழுத்தும், உறங்கியதும் குறையும். சிறு குழந்தைக்கு இந்த அழுத்தம் பெரியவர்களைவிட விரைவாகக் கூடுகிறது. அதனால்தான் அதற்குப் பகலிலும் தூக்கம் வேண்டியிருக்கிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபின் இந்த அடினோசினின் வேலையைத் தடுக்கக்கூடியது. மாலையில் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக் குழந்தைக்கு ஊட்டும் பாட்டிமார்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது, உடலுக்குள் இயங்கும் கடிகாரம். இது மூளையின் ஒரு சிறு பகுதியில் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு இது பகலையும் இரவையும் பிரித்தறிகிறது. இருள் சூழ்ந்ததும் மெலடோனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்து, உறங்கும் நேரம் நெருங்கிவிட்டதை உடலுக்கு உணர்த்துகிறது. சுவரிலுள்ள கடிகாரம் எட்டைக் காட்டுகிறதா ஒன்பதைக் காட்டுகிறதா என்பது இந்தக் கடிகாரத்திற்குத் தெரியாது. அது அறிந்ததெல்லாம் ஒளியும் இருளுமே.

இங்கே மலேசியக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு. போர்பெலி தம் கோட்பாட்டை வெளியிட்ட அதே 1982ஆம் ஆண்டின் முதல் நாளில், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுமைக்கும் ஒரே நேரம் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இதன் விளைவாக, மலாக்காவில் சூரியன் நண்பகல் 12 மணிக்கு உச்சிக்கு வருவதில்லை. பிற்பகல் ஒரு மணியளவில்தான் வருகிறது. மாலையில் ஏறத்தாழ ஏழு மணிக்கு மறைகிறது. பிப்ரவரி மாதத்தில் அது 7.25ஐயும் தாண்டிவிடும். தங்கா பத்துக் கடற்கரையில் குடும்பங்கள் சூரிய மறைவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பி, குளித்து, இரவு உணவை முடிக்கும்போது மணி ஒன்பதைக் கடந்திருப்பதில் வியப்பில்லை.

பதினேழு நாடுகளிலும் வட்டாரங்களிலும் மூன்று வயதுக்கு உட்பட்ட 29,287 குழந்தைகளின் உறக்கத்தை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. மலேசியாவும் அதில் இடம்பெற்றிருந்தது. நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக இரவு 7.28க்கே உறங்கச் சென்றனர். ஹாங்காங் குழந்தைகள் உறங்கச் சென்றபோது மணி 10.17. பொதுவாகவே ஆசிய நாடுகளின் குழந்தைகள் பிந்தி உறங்கினர். மொத்தத்தில் குறைவாகவும் உறங்கினர். இந்த வேறுபாட்டைச் சூரியன் மீது மட்டும் சுமத்திவிட முடியாது. பெரியவர்களின் வேலை நேரம், உணவு நேரம், கூட்டாக வாழும் முறை ஆகிய அனைத்தும் இதில் கலந்துள்ளன.

சூரியன் மறைந்த பிறகு வீட்டுக்குள் ஏற்றப்படும் விளக்கும் முக்கியமானது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பத்துப் பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளியானது. உறங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரம் அவர்கள் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாடினர். அவர்களின் மெலடோனின் அளவு ஏறத்தாழ 88 விழுக்காடு குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடங்கள் ஆன பின்னரும் பெரும்பாலோர்க்கு அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆய்வு சிறியதுதான், ஆயினும், அது சொல்லும் செய்தி தெளிவானது. கூடத்தில் வெள்ளை விளக்கும் தொலைக்காட்சியும் எரிய, கையில் திறன்பேசியும் இருக்க, ஒன்பது மணிக்கு ஒரு குழந்தையை “உறங்கு” என்பது நடுப்பகலில் உறங்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

முற்காலத் தோட்டப்புறத்தில் இந்தச் சிக்கல் வேறு உருவில் இருந்தது. டான் சாய் யான் என்பவர் 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடப்பட்டது அங்கேதான் தொடங்கியது. பின்னர், மாநிலமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் அவற்றின் லயங்களில் குடியேறின. ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது குளிர்ந்த விடியற்பொழுதில். எனவே, ஆணும் பெண்ணும் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்கு, அதாவது பெயர் பதியும் இடத்திற்கு, சென்றாக வேண்டும். கைக்குழந்தையை என்ன செய்வது?

அதற்காக இருந்ததே ஆயாக்கொட்டகை. உறக்கம் கலையாத குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தாய் அங்கே வருவாள். கொட்டகையின் குறுக்கு உத்திரங்களில் பழைய சேலைகளும் கைலிகளும் தூளிகளாகத் தொங்கும். ஆயா குழந்தையை வாங்கித் தூளியில் இடுவார். வீட்டில் அறுந்த தூக்கம் அங்கே தொடரும். விடிந்த பின் பாலும் கஞ்சியும். பிறகு, முற்றத்து வெளிச்சத்தில் விளையாட்டு. வெயில் ஏறியதும் மீண்டும் தூளி. வெட்டிய மரங்களின் பாலைச் சேகரித்து நிறுவைக்குக் கொடுத்துவிட்டுத் தாய் திரும்பும் வரை இந்த வரிசை மாறாது. மாலையில் லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளி. மறுநாள் பெரட்டு இருப்பதால் பெரியவர்களும் முன்னதாகவே படுத்துவிடுவர். உடற்கடிகாரம் என்ற சொல்லை அந்த ஆயா கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால், காலை வெளிச்சம், மாறாத நேரம், மாலை இருள் என அது கேட்கும் மூன்றும் அங்கே அமைந்திருந்தன.

இதைச் சொல்லும்போது பழங்காலத்தை மிகைப்படுத்திவிடக் கூடாது. பெரும்பாலும் வெளிவேலைக்குச் செல்ல இயலாத முதிய பெண்ணே ஆயாவாக இருந்தார். ஒருவர் பல குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. குழந்தைகள் ஒரே நேரத்தில் உறங்கியது அவர்களுக்கு நல்லது என்பதோடு, ஆயாவுக்கு வேறு வழியில்லை என்பதும் உண்மை. நோயும் கொசுக்கடியும் குறைவின்றி இருந்தன. தோட்ட முதலாளிகள் குழந்தைக் காப்பகம் அமைப்பது தொடர்பான விதிகள் இன்றும் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தில் உள்ளன.

தூளியின் அசைவைப் பற்றியும் ஆய்வாளர்கள் அக்கறை கொண்டுள்ளனர். ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் 2011ஆம் ஆண்டில், பெரியவர்களை மெதுவாக ஆடும் கட்டிலில் பிற்பகலில் படுக்க வைத்து மூளை அலைகளைப் பதிவுசெய்தனர். அசையாத கட்டிலில் படுத்ததைவிட ஆடும் கட்டிலில் அவர்கள் விரைவாக உறங்கினர், ஆழமாகவும் உறங்கினர். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையம் 2022ஆம் ஆண்டில் கைக்குழந்தைகளை வைத்து மற்றோர் ஆய்வை வெளியிட்டது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சீராக நடந்தால் பல குழந்தைகள் அமைதியடைந்தன, உறங்கவும் செய்தன. உறங்கியதும் உடனே கிடத்தினால் விழித்துக்கொண்டன. ஐந்து முதல் எட்டு நிமிடங்கள் வரை மடியிலேயே வைத்திருந்து பிறகு கிடத்தினால் உறக்கம் கலையும் வாய்ப்புக் குறைந்தது. தோளில் உறங்கிய பிள்ளை பாயைத் தொட்டதும் ஏன் வீறிடுகிறது என்று வியந்த தாய்மார்களுக்கு இது பயனுள்ள விடை.

ஆனால், தூளிக்கு ஓர் எல்லை உண்டு. பிறந்த குழந்தை முதல் ஓராண்டுக்கு உறுதியான, சமமான படுக்கையில் மல்லாந்து உறங்குவதே பாதுகாப்பானது என்று குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். துணி மடிந்து மூக்கை மூடலாம். தலை முன்னே சாய்ந்து மூச்சு தடைபடலாம். வளர்ந்த குழந்தைக்கோ வேறோர் ஆபத்து. தானாக எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளை தூளியிலிருந்தும் ஸ்பிரிங் தொட்டிலிலிருந்தும் தலைகுப்புற விழக்கூடும். கயிற்றிலும் துணியிலும் கழுத்து சிக்கக்கூடும். பாட்டியும் அம்மாவும் தூளியில் வளர்ந்தவர்கள் என்பது இதற்கு விடையாகாது. தளர்நடைப் பருவத்தில் தரையில் விரித்த மெத்தையே நல்லது. சாம்பிராணிப் புகையையும் இங்கே குறிப்பிட வேண்டும். குளித்த குழந்தைக்குப் புகை காட்டினால் நன்றாக உறங்கும் என்பர். உறக்கம் தருவது வெந்நீர்க் குளியலே. புகை நுரையீரலுக்குக் கேடு.

இன்று தங்கா பத்து வட்டாரத்தின் முகம் மாறிவிட்டது. 1990களில் இங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் தாமான்களில் வாழ்கின்றனர். தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்கின்றனர். அவர்களுள் பலருக்கு முறைமாற்று வேலை. ஒரு வாரம் காலை, மறு வாரம் இரவு எனப் பெற்றோரின் நேரம் சுழலும்போது குழந்தையின் நேரமும் உடன் சுழல்கிறது. இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வரும் தந்தை, பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று விரும்புவார். அதற்காகவே குழந்தை விழித்திருக்கும். அந்த விருப்பத்தைக் குறைகூற யாருக்கு மனம் வரும்? எனினும், அந்தத் தந்தை மறுநாள் காலைப் பசியாறும் வேளையில் பிள்ளையோடு அரை மணி நேரம் விளையாடினால் இருவருக்கும் நன்மை.

ஆயாக்கொட்டகையின் இடத்தைக் குழந்தைப் பராமரிப்பு மையமான ‘தாஸ்கா’ பிடித்துள்ளது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான இம்மையங்கள் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற வேண்டும். ஒரு வயது முதல் மூன்று வயது வரையிலான ஐந்து குழந்தைகளுக்குப் பராமரிப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே உணவுக்குப் பின் அறை இருட்டாக்கப்படும், பாய்கள் விரிக்கப்படும், குழந்தைகள் வரிசையாக உறங்கும். வீட்டில் மணிக்கணக்கில் அடம்பிடிக்கும் பிள்ளை அங்கே மட்டும் பத்து நிமிடங்களில் உறங்குவதைக் கேட்டு அம்மாக்கள் நம்ப மறுப்பதுண்டு. குழந்தை ஆளுக்கேற்ப நடிக்கவில்லை. அங்கே ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் அதே அறிகுறிகள் வருகின்றன, அவ்வளவுதான்.

பகலில் உறங்கினால் இரவில் உறங்காது என்று எண்ணிச் சிலர் பகல் தூக்கத்தையே நிறுத்திவிடுகின்றனர். இது பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். களைத்துப்போன குழந்தை இரவில் இன்னும் கடுமையாகப் போராடும். பகல் தூக்கத்திற்கு வேறொரு பணியும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலர்பள்ளிக் குழந்தைகள் 40 பேருக்குப் படங்களின் இடங்களை நினைவில் கொள்ளும் விளையாட்டைக் கற்பித்தனர். பிற்பகலில் உறங்கிய நாளில் அவர்கள் கூடுதலாக நினைவுகூர்ந்தனர். உறங்காத நாளில் பலவற்றை மறந்தனர். அந்த இழப்பை அன்றைய இரவுத் தூக்கம் ஈடுசெய்யவில்லை. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு, பகலில் உறங்கும் பழக்கமுள்ள குழந்தைகளிடம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. புதுச் சொற்களை நாள்தோறும் கற்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு இது சிறிய செய்தியன்று.

கவனிக்க வேண்டியது பகல் தூக்கத்தின் நேரத்தையே. ஒன்றரை வயது வாக்கில் பல குழந்தைகள் இரண்டு பகல் தூக்கங்களிலிருந்து ஒன்றுக்கு மாறுகின்றன. அந்த ஒன்று மதிய உணவுக்குப் பின் தொடங்கி மூன்று மணியளவில் முடிந்தால், இரவுக்குள் அழுத்தம் மீண்டும் சேர்ந்துவிடும். மாலை ஐந்தரைக்குக் காரில் வீடு திரும்பும் வழியில் குழந்தை உறங்கிவிட்டால்தான் தொல்லை. அடினோசின் குறைந்துவிடும், எட்டரை மணிக்குக் குழந்தை புத்துணர்ச்சியோடு இருக்கும். அன்று பெற்றோர் எதைச் செய்தாலும் பலன் குறைவே.

இரவுத் தூக்கத்திற்கு வழி என்ன? 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் 405 தாய்மார்கள் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினரிடம் இரண்டு வாரங்களுக்கு ஒரே ஒழுங்கைப் பின்பற்றுமாறு கூறப்பட்டது. முதலில் குளியல், அடுத்து உடலை மெல்லத் தேய்த்துவிடுதல், பிறகு அணைத்தல் அல்லது தாலாட்டு போன்ற அமைதியான செயல், அரை மணி நேரத்திற்குள் விளக்கணைப்பு. குழந்தைகள் முன்னைவிட விரைவில் உறங்கின. இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்தது. வெந்நீரில் குளித்த பின் தோலின் வழியே வெப்பம் வெளியேறி உடலின் உட்சூடு தணிகிறது. அந்தத் தணிவு உறக்கத்தைத் தூண்டும். ஆனால், குளியலைவிடவும் வரிசைதான் முதன்மையானது. கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தைக்கு அடுத்து என்ன வரும் என்பதை வரிசையே சொல்கிறது.

இந்த வரிசையில் தமிழர்கள் நெடுங்காலமாகத் தாலாட்டுக்கு இடம் அளித்துள்ளனர். ‘தால்’ என்பது நாவைக் குறிக்கும். நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் தாலப் பருவம் மூன்றாவது. தோட்டத்துத் தாய்மார்கள் மாமன் சீரோடு தங்கள் உழைப்பின் வலியையும் சேர்த்துத் தாலாட்டினர். பொருள் குழந்தைக்குப் புரிய வேண்டியதில்லை. கைக்குழந்தைகள் அறியாத அயல்மொழித் தாலாட்டைக் கேட்டபோதும் அவர்களின் இதயத்துடிப்புத் தணிந்ததை ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். குரல் இனிமையாக இல்லையே என்று அண்ணனோ அக்காளோ தயங்கத் தேவையில்லை.

விளக்கணைத்த பின் அம்மா அறையை விட்டு நகர்ந்ததும் குழந்தை அழுவது இயல்பு. ஒரு வயதை ஒட்டிப் பிரிவச்சம் மிகுதியாகத் தோன்றும். அது பிடிவாதமன்று. அழும் குழந்தையின் அருகில் ஒருவர் அமர்ந்து, தட்டிக்கொடுத்து, அதிகம் பேசாமல் இருந்தால் போதும். விளக்கைப் போட்டுக் கூடத்திற்குத் தூக்கி வந்தால், அழுதால் விளையாட்டு மீண்டும் தொடங்கும் என்பதை அது கற்றுக்கொள்ளும். உறக்கமும் ஒரே நீட்சியாக அமைவதன்று. ஆழ்ந்த உறக்கமும் மேலோட்டமான உறக்கமும் மாறி மாறி வரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழந்தை சற்றே விழிக்கும். தோளில் உறங்கித் தனியே பாயில் விழிக்கும் குழந்தை திகைத்து அழும். பாதி விழிப்பில் இருக்கும்போதே படுக்கையில் கிடத்தப்பட்ட குழந்தைக்கு அந்த இடம் புதிதன்று. புரண்டு படுத்துத் தொடர்ந்து உறங்கும். ஆயினும், காய்ச்சலோ காதுவலியோ பல் முளைக்கும் வேதனையோ இருக்கும் இரவில் இந்த விதிகள் எவையும் செல்லா. அன்று தோள்தான் படுக்கை. உறங்கும்போது உரத்த குறட்டை விடும் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒழுங்கு குலையும் நாள்களும் வரும். தீபாவளிக்கு முந்திய இரவில் எந்த வீட்டுக் குழந்தைதான் எட்டரைக்கு உறங்கும்? மாசி மகத்தன்று செங் வட்டாரத்திலுள்ள சன்னாசிமலை ஆலயத்தில் நள்ளிரவு வரை காவடியும் மேளமும் முழங்கும். அப்பாவின் தோளில் அமர்ந்திருக்கும் பிள்ளை விழி விரியப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் கேடு ஒன்றுமில்லை. மறுநாள் அது பத்து மணி வரை உறங்கட்டும் என்று விட்டால்தான் கடிகாரம் பின்தங்கிப்போகும். வழக்கமான நேரத்தைவிட அரை மணி நேரம் மட்டும் கூடுதலாக உறங்கவிட்டு எழுப்பி, வாசல் வெயிலில் சற்று நேரம் விளையாடச் செய்து, மதியம் உறங்க வைத்தால், இரண்டு மூன்று இரவுகளில் கண்ணைக் கசக்கும் நேரம் மீண்டும் எட்டரைக்கு வந்துவிடும்.